இப்போது ஓடுவது யார்? – ஒரு பாடநூலின் ஒரு பக்கத்தைப் பற்றி

எங்கள் ஊர் உடையார்பாளையம். வீட்டு மரப்பெட்டியில் பழைய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. 1980-களில் வந்த உறைகளின்மீது ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்று எழுதியிருக்கும். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபின் வந்தவற்றில் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்றிருக்கும். 2001-இல் அரியலூர் மாவட்டம் பிறந்தது. மறு ஆண்டே அது பெரம்பலூருடன் திரும்பச் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர் மாவட்டம் ஏற்பட்டது. இத்தனை மாற்றத்திலும் ஊர் ஓரடிகூட நகரவில்லை. பயறணீசுவரர் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

‘உங்கள் ஊர் எது?’ என்று எப்போது கேட்டாலும் எங்கள் விடை ஒன்றே. ‘உங்கள் மாவட்டம் எது?’ என்ற கேள்விக்கோ கேட்ட நாளில் சொன்ன விடை அந்த நாளுக்கு மட்டுமே உரியது. 2000-இல் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, அதே விடையை நம்பி 2008-இல் மனு அனுப்பியவரின் மனு வேறோர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விடை பொய்யல்ல, காலம் கடந்த விடை, அவ்வளவுதான்.

இந்தச் சிறிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு என்னுடன் கணிப்பொறிக்குள் வாருங்கள். அங்கே இதே வேறுபாடு, நாள் கணக்கிலன்றி நொடியின் சிறு பகுதிகளில் நடக்கிறது. அதை விளக்கும் ஒரு பாடநூற் பக்கத்தைத்தான் இக்கட்டுரையில் எடைபோட விரும்புகிறேன்.

மூன்று கேள்விகள்

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் வன்பொருள் உறுப்பை இங்கே ‘செயலி’ என்பேன். இன்றைய கணிப்பொறியில் நான்கு, எட்டு எனப் பல செயலிகள் ஒரே சில்லில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலையும், அதற்கெனத் தரப்பட்ட நினைவகம், திறந்து வைத்துள்ள கோப்புகள் முதலியவற்றையும் சேர்த்துப் ‘பணி’ என்பேன். ஆங்கிலத்தில் பிராசஸ் என்பது இதுவே. ஒரு பணிக்குள் கட்டளைகள் வரிசையாகச் செல்லும் ஒரு தடத்தை ‘இழை’ என்பேன். நெசவு நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இழையை விளக்க வேண்டியதில்லை. ஒரு துணியில் பல இழைகள் இருப்பதுபோல ஒரு பணியில் பல இழைகள் இருக்கலாம்.

இவை அனைத்தையும் மேய்ப்பது இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னல். எந்தப் பணிக்கு எந்தச் செயலியை எவ்வளவு நேரம் தருவது என்று முடிவு செய்வது அதுவே. இந்தக் கெர்னலும் ஒரு நிரல்தான்; அதற்கெனத் தனிச் செயலி ஒன்றும் கிடையாது. ஒரு பணி ஏதேனும் உதவி கேட்கும்போதும், கடிகாரக் குறுக்கீடு வரும்போதும், அந்தப் பணி ஓடிக்கொண்டிருந்த அதே செயலியின்மீது கெர்னல் ஏறி உட்காருகிறது. உட்கார்ந்தவுடன் அது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நான் எந்தச் செயலியின்மேல் இருக்கிறேன்? எந்தப் பணிக்காக வந்திருக்கிறேன்? அதில் எந்த இழைக்காக?

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். ஒரு நிரல் கோப்பில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது கெர்னலிடம் ‘3-ஆம் எண் கோப்பில் இதை எழுது’ என்று மட்டுமே சொல்லும். ‘என்னுடைய’ 3-ஆம் எண் என்பது சொல்லாமல் தொக்கி நிற்கிறது. ஒருவருடைய 3-ஆம் எண் கணக்குப் புத்தகமாக இருக்கலாம். மற்றொருவருடையது விளையாட்டுக் குறிப்பாக இருக்கலாம். ஓடுவது யார் என்பதில் கெர்னல் தவறினால், ஒருவர் எழுதியது மற்றொருவரின் ஏட்டில் பதிவாகும்.

அப்படியானால் அந்த நிரலையே ‘நீ யார்?’ என்று கேட்டுவிடலாமே? கூடாது. கேட்டால் அது பொய் சொல்லலாம். வங்கியில் பணம் எடுக்க வந்தவரிடம் ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு, அவர் சொன்ன பெயரிலேயே பணம் கொடுக்கும் காசாளர் உண்டா? எனவே விடை, நிரலின் கை எட்டாத இடத்திலிருந்து வர வேண்டும். பாதுகாப்பு முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

நூலும் அதன் முன்னோரும்

இக்கேள்வியை மாணவர்க்கு நேருக்கு நேர் காட்டும் நூல்கள் சிலவே. பெரிய பாடநூல்கள் பல, ‘கெர்னல் நடப்புப் பணியை அறிந்து...’ என்று ஒரே வீச்சில் தாண்டிவிடுகின்றன. எங்ஙனம் அறிகிறது என்பதுதானே கேள்வி!

தாண்டாத நூல்களில் முதன்மையானது எக்ஸ்வி6 என்னும் கற்பிப்பு இயக்க அமைப்புக்குத் துணையாக ரஸ் காக்ஸ், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மோரிஸ் ஆகிய மூவர் எழுதியது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் இந்த அமைப்பு உருவாயிற்று. (எம்.ஐ.டி. என்றதும் குரோம்பேட்டை நினைவுக்கு வருவோர் மன்னிக்க.) நூலும் நிரலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சில ஆயிரம் வரிகளே கொண்ட கெர்னலை ஒரு பருவத்துக்குள் முழுதும் படித்துவிடலாம். 2019 முதல் இது ரிஸ்க்-ஃபைவ் எனும் திறந்த செயலி வடிவமைப்புக்கு மாற்றப்பட்டுள்ளது.

இதற்கு ஒரு முன்னோரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலுக்கு வரிக்கு வரி உரை எழுதி 1970-களின் நடுவில் மாணவர்க்குக் கொடுத்தார். உரிமைத் தடையினால் அது இருபது ஆண்டுக்காலம் நகலின் நகலாகவே உலகெங்கும் உலவி, 1996-இல்தான் அச்சு நூலாயிற்று. லயன்ஸ் விளக்கிய பிடிபி-11 இயந்திரத்தில் செயலி ஒன்றே ஒன்று. ஆகையால் முதற் கேள்வியே எழவில்லை. இரண்டாம் கேள்விக்கு அதில் அழகான விடை இருந்தது. ‘நடப்புப் பணியின் குறிப்பேடு’ எப்போதும் ஒரே முகவரியில் தென்படும். பணி மாறும்போது முகவரி மாறுவதில்லை. அந்த முகவரிக்குப் பின்னாலுள்ள நினைவகப் பகுதியை மட்டும் வன்பொருள் மாற்றிவைக்கும். ‘தலைமையாசிரியர் அறை’ என்ற பலகை மாறாமலிருக்க, உள்ளே அமர்பவர் மாறுவதைப் போன்றது.

செயலிகள் பலவானதும் இந்த எளிமை போய்விட்டது. ஒரே கணத்தில் நான்கு பணிகள் நான்கு செயலிகளில் ஓடும்போது, ‘நடப்புப் பணி’ என்று ஒரே ஒரு குறிப்பு போதாது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு குறிப்பு வேண்டும். எந்தக் குறிப்பைப் பார்ப்பது என்று தெரிய, தான் எந்தச் செயலி என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்த ஒரு பக்கம்

எக்ஸ்வி6 நூலில், பணிகளுக்குச் செயலியைப் பங்கிடும் அத்தியாயத்தில், ஏறக்குறைய ஒரு பக்க அளவில் இதற்கு விடை இருக்கிறது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

ரிஸ்க்-ஃபைவில் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் உண்டு. அது எம்ஹார்ட்ஐடி என்ற பதிவகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவகத்தை இயந்திர நிலை எனப்படும் மிக உயர்ந்த அதிகார நிலையில் மட்டுமே படிக்க முடியும். கெர்னல் ஓடுவது அதற்கு ஒருபடி கீழான நிலையில். எனவே கணிப்பொறி விழித்தெழும்போதே, இயந்திர நிலையில் இருக்கும் சிறு நேரத்தில், அந்த எண்ணைப் படித்து டிபி என்ற வேறொரு பதிவகத்தில் போட்டுவைக்கிறார்கள். பிறகு கெர்னலுக்குள் இருக்கும் வரையில் டிபியைப் பார்த்தால் செயலி எண் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு செயலிகளின் அட்டவணையில் தன் வரிசையை எடுப்பது மைசிபியு என்ற செயற்கூறு. அந்த வரிசையில் ‘இப்போது ஓடும் பணி’ என்று குறித்திருப்பதை எடுத்துத் தருவது மைபிராக் என்ற செயற்கூறு.

பயனர் நிரல் டிபியை விருப்பம்போல் மாற்றிவிடலாமே? மாற்றலாம். ஆதலால் கெர்னல் வெளியேறும்போது செயலி எண்ணை, நிரலால் தொட முடியாத ஒரு நினைவகப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறது. திரும்ப உள்ளே வரும்போது நிரல் விட்டுச்சென்ற டிபியை நம்பாமல், தான் எழுதிவைத்ததையே எடுத்துக்கொள்கிறது. நம் காசாளர் செய்வதும் இதுதான்!

அடுத்து வருவது அப்பக்கத்தின் சிறப்பான பகுதி. மைசிபியு தரும் விடை நிலையற்றது என்று நூல் எச்சரிக்கிறது. விடையைப் பெற்ற மறுகணமே கடிகாரக் குறுக்கீடு வந்து, இப்பணி நிறுத்தப்பட்டு, பின்பு வேறொரு செயலியில் தொடரலாம். அப்போது கையிலுள்ள விடை பழைய செயலியைக் காட்டும். ஆகவே கேட்பதற்கு முன் குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டு, விடையைப் பயன்படுத்தி முடித்தபின்பே தடையை நீக்க வேண்டும். மைபிராக் தரும் விடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பணி எந்தச் செயலிக்குப் போனாலும் பணி அதேதான்.

வாசகர்களே, மாவட்டமும் ஊரும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? செயலி என்பது மாவட்டம். பணி என்பது ஊர். ஒன்றுக்குக் காலக்கெடு உண்டு, மற்றதற்கு இல்லை. இந்த வேறுபாட்டைச் சிறு நூலொன்று மாணவர்முன் தெளிவாக வைத்திருப்பது பாராட்டத்தக்கது. இதைவிட நான்கைந்து மடங்கு பருமனான நூல்களில் இது கிடைப்பதரிது.

குறைகள் மூன்று

பாராட்டியபின் குறைகளையும் சொல்வதே நேர்மை.

முதற்குறை, பெயர்களைப் பற்றியது. டிபி என்ற பதிவகத்தின் முழுப்பெயர் ‘இழைச் சுட்டு’. எக்ஸ்வி6 அதற்குள் வைப்பதோ செயலியின் எண். அந்த எண்ணைக் கொண்டு தேடுவதோ பணியை. போதாக்குறைக்கு, ரிஸ்க்-ஃபைவ்காரர்கள் செயலிக்கு இட்ட பெயரான ‘ஹார்ட்’ என்பது ‘வன்பொருள் இழை’ என்பதன் சுருக்கம்! நாம் பிரித்துவைத்த மூன்று கருத்துகளும் ஒரே பதிவகத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இது நூலாசிரியர்கள் செய்த குழப்பமல்ல. வன்பொருளோடு வந்த குழப்பம். ஆனால் ‘பெயரைக் கண்டு மயங்காதீர்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் எத்தனையோ மாணவர்களின் மாலைப்பொழுது மிச்சப்பட்டிருக்கும்.

இரண்டாம் குறை பெரிது. பணி ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது அதன் பதிவகங்களெல்லாம் அதனுடன் போகின்றன. அப்படியிருக்க டிபி மட்டும் ஏன் பழைய எண்ணைச் சுமந்துகொண்டு போவதில்லை? விடை, நிரலின் உள்ளே இருக்கிறது. பணிகளை மாற்றும் பகுதி டிபியைச் சேமிப்பதுமில்லை, திரும்ப நிரப்புவதுமில்லை. கெர்னலுக்குள் குறுக்கீடு முடிந்து மற்றப் பதிவகங்களைத் திரும்ப நிரப்பும் இடத்திலும் டிபியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். மாற்றலாகிப் போகும் அலுவலர் தம் பெட்டி படுக்கையை எடுத்துச் செல்கிறார். அலுவலக முத்திரையை மேசையிலேயே விட்டுச் செல்கிறார். டிபிதான் அந்த முத்திரை. இந்த ஏற்பாட்டின் அச்சாணியே இதுதான். ஆனால் இது நிரலில் ஒரு சிறு குறிப்புரையாக ஒதுங்கிக் கிடக்கிறதேயன்றி, நாம் எடுத்துக்கொண்ட பக்கத்தில் இடம்பெறவில்லை. நிரலைத் தோண்டிப் பார்க்கும் மாணவருக்கு இது புதையல். நூலை மட்டும் படிப்பவருக்கு இது இல்லை.

மூன்றாம் குறை, மாற்று வழிகளைச் சொல்லாதது. செயலி எண்ணிலிருந்து பணியைத் தேடுவது ஒரு முறை. ஒரே முறை அன்று. லினக்ஸ், அதே ரிஸ்க்-ஃபைவில், டிபிக்குள் நடப்பு இழையின் குறிப்பேட்டு முகவரியையே வைக்கிறது. எண்ணைக் கொண்டு தேட வேண்டியதே இல்லை. பயனர் நிரல் ஓடும் வேளையில் அந்த முகவரி, நிரலின் கை எட்டாத வேறொரு பதிவகத்தில் ஒளிந்திருக்கும். கெர்னல் நுழையும்போது இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். செயலி எண் வேண்டுமானால் இழையின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்வி6 செயலியிலிருந்து பணிக்குப் போகிறது. லினக்ஸ் இழையிலிருந்து செயலிக்குப் போகிறது. முன்னதில் ‘நான் யார்?’ என்று கேட்கவே கணநேரம் குறுக்கீடுகளைத் தடுக்க வேண்டும், பின்னதில் வேண்டியதில்லை. ஆனால் எந்த முறையிலும் ‘எந்தச் செயலி?’ என்ற விடைக்குக் காலக்கெடு இருந்தே தீரும். தடுப்பு ஏதுமின்றி அக்கேள்வியைக் கேட்கும் நிரலைக் கண்டால் முறையிடுவதற்கென்றே லினக்ஸில் ஒரு சோதனை வசதி வைத்திருக்கிறார்கள் என்றால், அனுபவசாலிகளும் இங்கே சறுக்குகிறார்கள் என்றுதானே பொருள்?

மூன்றாவது கேள்வியாகிய இழையைப் பற்றியும் ஒரு சொல். எக்ஸ்வி6-இல் ஒரு பணிக்கு ஒரே பயனர் இழைதான். ஆகையால் பணியை அறிந்தால் இழையை அறிந்ததாகிறது. இந்தச் சலுகை பெரிய அமைப்புகளில் கிடையாது. லினக்ஸில் நடப்பு என்று சுட்டப்படுவது இழையே. ஒரே பணியைச் சேர்ந்த இழைகளைப் பொதுவான ஒரு குழு எண் இணைக்கிறது. நிரல் தன் ‘பணி எண்’ணைக் கேட்டால் லினக்ஸ் தருவது அந்தக் குழு எண்ணைத்தான்.

ஒரு வாக்கியத்தின் விலை

இவை நுணுக்கமான குறைகள். இதற்காக ஒரு நல்ல நூலைக் கடிந்துகொள்ள வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு 2018 மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை இன்டெல் வகைச் செயலி கொண்டவை. அவற்றில் கெர்னல் தன் செயலிக்குரிய குறிப்பேட்டை ஜிஎஸ் என்ற பதிவகத்தின் வழியே அடைகிறது. நுழைவாயிலில் நிரலின் ஜிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கெர்னலுக்குள்ளேயே இருந்தபோது குறுக்கீடு வந்தால் மாட்டியது மாட்டியபடியே இருக்கும்; திரும்பவும் மாற்றக் கூடாது. இங்கேதான் ஓர் ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு அடுத்தபடியாகக் கெர்னலை அழைத்தால், தாமதமாக வரும் ஒரு குறுக்கீடு, கெர்னல் வாயிற்படியில் கால் வைத்த கணத்தில், ஜிஎஸ்ஸை மாற்றிக்கொள்வதற்கு முன்பே வந்து விழும். ‘உள்ளேதானே இருக்கிறோம்’ என்று நம்பிய கெர்னல், சில அமைப்புகளில் நிரல் கொடுத்த ஜிஎஸ்ஸையே தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. அதாவது ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு, சொல்லக் கூடாதவரே விடை சொன்னார். சில அமைப்புகளில் இதனால் இயந்திரத்தை முடக்கலாம். சிலவற்றில் சாதாரண நிரல் ஒன்று கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றலாம்.

விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி எனத் தனித்தனியே எழுதப்பட்ட அமைப்புகள் பலவற்றிலும் இதற்குத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. தனித்தனியே எழுதியவர்கள் ஒரே தவற்றை எப்படிச் செய்தார்கள்? செயலியின் விளக்க ஏட்டில் இதைப் பற்றிச் சொல்லியிருந்ததை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதே வெளியான காரணம். சில்லு தன் போக்கில்தான் நடந்தது. அதைப் பற்றிய வாக்கியங்கள் படிப்போர்க்கு விளங்கவில்லை. விளக்கம் எழுதுவதும் பொறியியலின் ஓர் அங்கமே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நம் மொழியில்

இதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்போம். தமிழ்வழியில் படித்த மாணவர் ஒருவர் இந்த மூன்று கேள்விகளைத் தமிழில் எழுத முயன்றால் என்ன ஆகும்? பிராசசர் என்பதற்குச் ‘செயலி’ என்ற சொல் நெடுநாளாக வழங்குகிறது. கைப்பேசி வந்தபின் அதில் நிறுவும் நிரலுக்கும் செய்தித்தாள்கள் ‘செயலி’ என்றே எழுதுகின்றன. பிராசஸ் என்பதைச் ‘செயல்முறை’ என்பார் உண்டு. ஆய்வகச் செய்முறையும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. ‘இப்போது எந்தச் செயலி ஓடுகிறது?’ என்று தமிழில் கேட்டால், வன்பொருளைக் கேட்கிறோமா, மென்பொருளைக் கேட்கிறோமா? கெர்னல் ஒருபோதும் குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டை நம் சொல் ஒன்றாக்கிவிட்டது. இதனால்தான் இக்கட்டுரையில் ‘பணி’ என்ற சொல்லைக் கையாண்டேன். இதனினும் நல்ல சொல் கிடைக்குமாயின் மகிழ்வேன். எதைத் தேர்ந்தாலும் மூன்றுக்கும் மூன்று வேரிலிருந்து சொற்கள் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது ஏட்டுப் பேச்சன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தொடங்கிய சக்தி திட்டம், இதே ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பைப் பின்பற்றிச் செயலிகளை உருவாக்கி வருகிறது. 2018-இல் அதன் சில்லு ஒன்றில் லினக்ஸ் ஓடியது. எம்ஹார்ட்ஐடியும் டிபியும் இனி தொலைதூரத்துப் பெயர்களல்ல. தமிழ்நாட்டில் வரையப்பட்ட சில்லுக்குள் இருப்பவை. அவற்றைப் பற்றிய விளக்கங்களை எழுதப்போகிறவர்களில் இந்த இதழைப் படிக்கும் மாணவரும் இருக்கலாம்.

முடிவாகச் சொல்வதானால், எக்ஸ்வி6 நூல் படிக்க வேண்டிய நூலே. படிக்கும்போது மேற்கூறிய பக்கத்தில் நின்று, ஒரு தாளில் மூன்று கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் எழுதுங்கள்: இந்த விடையைத் தருவது யார், இந்த விடை எவ்வளவு நேரத்துக்குச் செல்லும். பிறகு நிரலைத் திறந்து, டிபி எங்கெல்லாம் எழுதப்படுகிறது, எங்கே எழுதப்படாமல் விடப்படுகிறது என்று தேடுங்கள். நூல் சொல்லாமல் விட்டதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

எங்கள் ஊருக்கு இன்றும் சில கடிதங்கள் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்றே வருகின்றன. ஊர்ப்பெயர் சரியாக இருப்பதால் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். அந்தத் தபால்காரரின் பெருந்தன்மை கெர்னலுக்குக் கிடையாது.